பழைய கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பது சுற்றுச்சூழலுக்கு எப்படி உதவும்?

காடு, சதுப்புநிலம் எல்லாம் இயற்கை மரபு. பழைய வீடு, பாலம், கோட்டை போன்றவை கட்டட மரபு. யுனெஸ்கோவின் 1972 உலக மரபு உடன்படிக்கை இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

காட்டைக் காப்பது புரிகிறது, சுவரை ஏன் காக்க வேண்டும்? செங்கல் சுட்டது, கல் சுமந்தது எல்லாம் ஏற்கெனவே முடிந்த செலவு. அந்தப் புகை எப்போதோ காற்றில் கலந்துவிட்டது. இடித்துக் கட்டினால் மறுபடி முதலிலிருந்து. சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். எரிபொருள் புகை ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கல்லே கரியமில வாயுவை விடும். உலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இது நிற்காது. நன்றாக ஓடும் வண்டியை எடைக்குப் போட்டுவிட்டு, மைலேஜுக்காகப் புது வண்டி வாங்குவது போலத்தான். போட்ட முதலை எடுக்கவே பல வருடம் ஆகும்.

சதுப்புநிலத்துக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. தண்ணீரை வடித்தால், சேற்றில் நூற்றாண்டுகளாக அடங்கிக் கிடந்த கார்பன் கரியமில வாயுவாக வெளியேறிவிடும்.

அப்புறம் ஒன்று: பாதுகாப்பது என்றால் தொடாமல் பூட்டிவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கூரைக்கு வெப்பக்காப்பு போட்டு, ஒயரிங் மாற்றி, ஆள் புழங்க விடுவதும் பாதுகாப்புதான்.