கண்ணுக்குத் தெரியாத கோளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தொலைநோக்கியில் விண்மீனே ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது, அதைச் சுற்றும் கோள் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளைப் பார்ப்பதே இல்லை. விண்மீனின் நடத்தையைத்தான் பார்க்கிறார்கள்.

கோள் சுற்றும்போது அதன் ஈர்ப்பால் விண்மீனும் லேசாக ஆடும். நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். 1995-இல் வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனில் இந்த ஆட்டத்தை அளந்தார்கள். கிடைத்தது விசித்திரமான கோள்: வியாழனில் பாதி எடை, ஆனால் ஒரு சுற்றுக்கு நாலே சொச்சம் நாள்! அவ்வளவு பெரிய கோள் விண்மீனுக்கு அவ்வளவு அருகில் இருக்கும் என்று அன்று அநேகமாக யாரும் எதிர்பார்க்கவில்லை. 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பூமி மாதிரி சின்னக் கோளுக்கு இது கடினம். நம் பூமி சூரியனை நொடிக்கு சுமார் 9 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஆட்டுகிறது. அதனால் கோள் நமக்கும் விண்மீனுக்கும் குறுக்கே போகும்போது விண்மீன் மங்குவதை அளக்கிறார்கள். கெப்ளர் தொலைநோக்கி இப்படித்தான் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது.

சரி, உயிர்? குறுக்கே போகும் கோளின் காற்றுமண்டலம் வழியாக வரும் ஒளியில் வாயுக்களின் தடம் இருக்கும். 2022-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, வாஸ்ப்-39பி கோளில் கரியமில வாயுவை இப்படிக் கண்டது. ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்து கிடைத்தால் அங்கே உயிர் இருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். இதுவரை உறுதியான உயிர்த்தடம் எதுவும் சிக்கவில்லை.