ஏழு இலையும் ஒரு கிளாம்ப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டப்பாவில் வரும் பைப் புகையிலைக் கலவைகள் அலுத்துப்போய், சொந்தமாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். வர்ஜீனியா, பர்லி, லடாக்கியா, பெரிக், ஓரியண்டல், அப்புறம் கேவண்டிஷில் இரண்டு தினுசு. ஆக மொத்தம் ஏழு இலை. எல்லாவற்றையும் சம அளவு கலந்து, கட்டியாக ஒட்டிக்கொள்ளட்டும் என்று இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, சி-கிளாம்ப் போட்டு முறுக்கினேன். மூன்று நாள் கழித்துப் பிரித்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. புகைத்துப் பார்த்தேன். லடாக்கியாவைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அடுத்த முறை நன்றாகத் தண்ணீர் தெளித்து அழுத்தினேன். கட்டி பிடித்தது, பத்தாம் நாள் பூசணமும் பிடித்தது. புகைக்கும்போது நாக்கு வேறு எரிந்தது. இன்னும் பலமான ஜாக் வாங்க வேண்டுமா? ரசாயனம் சேர்க்காமல் வீட்டிலேயே செய்வதால் உடம்புக்குக் கெடுதல் குறைவுதானே?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறையாது. எரியும் இலையின் புகையில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன. அவற்றை யாரும் டப்பாவில் கொட்டிக் கலப்பதில்லை. வாய், உதடு, தொண்டைப் புற்றுநோய்க்கு நீங்கள் அழுத்திய கட்டியும் ஒன்றுதான், கம்பெனிக்காரன் அழுத்தியதும் ஒன்றுதான். நான் பைப்பை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அழுத்தும் பெட்டியை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதனால் இந்த விஷயத்தில் இன்னும் வாய் நீளம்.

ஜாக் வேண்டாம். இலையை ஒட்டவைப்பதில் பலத்தின் பங்கு கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஈரமும் சூடும் நாளும். வர்ஜீனியாவில் இயல்பாகவே சர்க்கரை அதிகம். பதமான ஈரத்தில் இலை இளகிக் கொடுக்கும், லேசாகப் பிசுபிசுக்கும், பக்கத்து இலையோடு படிந்துகொள்ளும். காய்ந்த இலையை லாரி ஏற்றி அழுத்தினாலும் தூள்தான் மிஞ்சும். அழுத்தத்துக்கே பெரிய வேலை இருப்பது பெரிக்கில். அமெரிக்காவில், லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் அதை விஸ்கிப் பீப்பாயில் அடைத்து, திருகு ஜாக்கால் இறுக்கி, மாதக்கணக்கில் அதன் சாற்றிலேயே ஊறிப் புளிக்க விடுகிறார்கள். நடுநடுவே பிரித்துக் காற்றாட விட்டு, மறுபடி அடைத்து இறுக்குவார்கள். நீங்கள் செய்ய நினைப்பது அதுவல்ல, ஒரு சாதாரணக் கட்டி.

ஈரத்துக்குக் கணக்கு இருக்கிறது. புகைக்கும் பதம் என்பது எடையில் ஏறக்குறைய 12 முதல் 14 சதவீதம் ஈரம். அழுத்துவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும், 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதத்தில் இருக்கும் 100 கிராம் இலையை அங்கே கொண்டுபோக சுமார் 7 கிராம் தண்ணீர் போதும். நீங்கள் தெளித்தது இதைப்போல எத்தனை மடங்கோ! தண்ணீரைப் பனிபோலத் தெளித்து, புரட்டி, மூடிய கண்ணாடி ஜாடியில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டை சட்டென்று உடைந்தால் ஈரம் போதாது. விரல் தடம் அப்படியே நின்று, கை நனைந்தால் அதிகம். அமுங்கி, கொஞ்சம் யோசித்து, மெதுவாக விரிந்தால் அதுதான் பதம்.

அப்புறம் ஆவியில் பத்து நிமிடம் காட்டி, சூடு ஆறுவதற்குள் பேக்கிங் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து முறுக்குங்கள். மறுநாள் பார்த்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கும். கிளாம்ப்பில் கோளாறு இல்லை, இலை உட்கார்ந்திருக்கிறது. இன்னும் அரைத் திருகு. இப்படி ஒரு வாரம், முடிந்தால் இரண்டு. வெளியே எடுத்ததும் ஈரத்தோடு ஜாடியில் போட்டு மூடிவிடாதீர்கள். உங்களுக்குப் பூசணம் வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன். கட்டியைக் காற்றாட விட்டு, கத்திக்குப் பிசுபிசுக்காத நிலையில் குறுக்கே இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் சீவுங்கள். சீவலைப் புகைக்கும் பதத்துக்கு ஆறவிட்ட பிறகுதான் ஜாடி. நாக்கு எரிந்ததற்கும் ஈரமே முக்கியக் காரணமாக இருக்கும். ஈர இலை அணைந்து அணைந்து போகும், நாம் விடாமல் இழுப்போம், சூட்டு ஆவி நேரே நாக்கில் இறங்கும்.

சரி, கலவை. கேவண்டிஷ் இலையின் பெயரே அல்ல, இலையை ஆவி, அழுத்தம், இனிப்பு என்று பக்குவப்படுத்தும் முறையின் பெயர். உங்களுடைய இரண்டு தினுசில் ஒன்று வர்ஜீனியாவாகவும் மற்றது பர்லியாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். லடாக்கியா விறகுப் புகையில் பாடம் செய்த இலை. அதைச் சம அளவு போட்டால் மற்ற ஆறும் வாயைத் திறக்காது. பெரிக்கையும் பொதுவாகக் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். பர்லியில் சர்க்கரை சொற்பம், எந்த வாசனையைக் காட்டினாலும் குடித்துக்கொள்ளும்.

முதலில் வர்ஜீனியாவை மட்டும் ஒரு வாரம் புகையுங்கள். பிறகு 18 கிராம் வர்ஜீனியாவுக்கு 2 கிராம் பெரிக். இன்னொரு ஜாடியில் 14 கிராம் வர்ஜீனியா, 4 கிராம் ஓரியண்டல், 2 கிராம் லடாக்கியா. 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள், ஜாக்குக்கு வைத்திருந்த காசில் அடங்கிவிடும். கலந்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கலந்த அன்று ஒவ்வொரு இலையும் தனித்தனியாகக் கத்தும். இரண்டு வாரம் மூடி வைத்தால் ஈரமும் மணமும் ஒன்றுக்கொன்று பரவிச் சமாதானமாகும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை நனைத்த முழு இலைகளிலிருந்து நடு நரம்பைச் சாயங்காலம் வரை வெறும் கையால் உரித்துக்கொண்டிருந்தேன். பைப்பைத் தொடவே இல்லை. ராத்திரி தலை சுற்றி, இரண்டு முறை வாந்தி. ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாகவே ஏறும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பழைய வர்ஜீனியாக் கட்டியில் சில சமயம் வெள்ளையாக ஏதோ மினுமினுக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படிகம்போலத் தெரிந்தால் பயமில்லை. பஞ்சுபோலப் படர்ந்து, நனைந்த சாக்கு வாடை அடித்தால் பூசணம். அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்ற சபலம் வரும். முழுக் கட்டியும் குப்பைக்குத்தான். உங்கள் இரண்டாவது கட்டியை என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நாக்கு எரிந்தது அதைப் புகைத்தபோது இல்லையே?