கரூரிலிருந்து ஹாம்பர்க்குக்கு முதல் சரக்கு: எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.பா?

கேள்வி: கரூர் வெங்கமேட்டில் கிச்சன் டவல், ஏப்ரன் தைத்துக் கொடுக்கிறோம். இத்தனை வருஷம் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர்களுக்குத்தான் சரக்கு போட்டோம். இப்போது ஹாம்பர்க் பார்ட்டி ஒருவர் நேரடியாக ஆர்டர் தருகிறார். 150 பெட்டி. ஒவ்வொன்றும் 60×40×40 செ.மீ., 18 கிலோ. எல்.சி. (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறப்பதாகச் சொல்கிறார், அக்டோபர் 31-க்குள் கப்பலேற வேண்டுமாம். எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரையான விலை), சி.ஐ.எஃப். (அதோடு கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த விலை) இரண்டு விலையும் கேட்கிறார். சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும் மூன்று ஃபார்வர்டர்களிடம் விசாரித்தேன். ஒருவர் எல்.சி.எல். (மற்றவர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில்) போடச் சொல்கிறார். இன்னொருவர் தனிக் கன்டெய்னர் எடுங்கள் என்கிறார். மூன்றாமவர், "கொச்சியிலிருந்து போடுங்க, ஹாம்பர்க்குக்கு ஃப்ரைட்டே வேண்டாம்ங்க" என்கிறார். யாரை நம்புவதுங்க? சரக்கு எந்தத் தேதிக்குள் பேக் ஆக வேண்டும்?

பதில்: மூன்றாமவரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. எல்.சி.எல். தொழிலில் ஃப்ரைட் (கப்பல் வாடகை) பூஜ்யம் என்பது உண்மையிலேயே நடக்கிற சமாசாரம். சில ரூட்டில் சரக்கு தருகிறவருக்கே திருப்பிக் காசு கொடுக்கிறார்கள். பல பேருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் அடைக்கிற கன்சாலிடேட்டர், இங்கே விட்டதை அங்கே பிடித்துவிடுவார். இறக்கும் கூலி, பிரிக்கும் கூலி, ஹேண்ட்லிங், டாக்குமென்ட் என்று ஒரு சிபிஎம்முக்கு (கன மீட்டருக்கு) இவ்வளவு யூரோ எனப் பட்டியல் போட்டு உங்கள் பையரிடம், அதாவது ஹாம்பர்க் பார்ட்டியிடம், நீட்டுவார். சி.ஐ.எஃப். விலையில் ஹாம்பர்க் வரை ஃப்ரைட் சேர்த்துத்தானே கொடுத்தோம் என்று பையர் நினைத்துக்கொண்டிருப்பார். பில்லைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் கன்சாலிடேட்டர் மேல் போகாது, உங்கள் அடுத்த ஆர்டர் மேல்தான் போகும்.

அதனால் சி.ஐ.எஃப். கொட்டேஷன் வாங்கும்போது ஃப்ரைட்டை மட்டும் கேட்காதீர்கள். ஹாம்பர்க்கில் பையர் கட்ட வேண்டியது எவ்வளவு என்ற பட்டியலையும் சேர்த்தே எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் அங்கே பார்த்துக்கலாம்ங்க" என்கிறவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

முதல் ஆர்டருக்கு நான் எஃப்.ஓ.பி.தான் சொல்வேன். கப்பல் வாடகை பையர் தலையில், ஃபார்வர்டரையும் அவரே நியமிப்பார். செங்கடல் பிரச்சினை ஆரம்பித்த 2023 கடைசியிலிருந்து வாடகை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிற கப்பலென்றால் பயணமே பத்துப் பதினாலு நாள் கூடும். இன்றைய வாடகையை வைத்து சி.ஐ.எஃப். விலை கொடுத்துவிட்டு, சரக்கு ரெடியாகிற நாளில் வேறு வாடகை கட்டும் தெம்பு முதல் ஆர்டரில் யாருக்கும் இருக்காது. விலை கேட்ட மரியாதைக்கு சி.ஐ.எஃப். எண்ணையும் கொடுங்கள், எத்தனை நாளுக்குச் செல்லும் என்று தேதி போட்டு.

ஆனால் எஃப்.ஓ.பி. என்றால் நமக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட முடியாது. இங்கே இரண்டு குழி இருக்கிறது.

முதலாவது, பையர் நியமிக்கிற ஃபார்வர்டர். அவருக்கு வாடிக்கையாளர் ஹாம்பர்க்காரர்தான், நீங்கள் இல்லை. உங்களுக்கு வேறு ஃபார்வர்டரிடம் போக வழியில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் டெர்மினல் ஹேண்ட்லிங், சி.எஃப்.எஸ். (துறைமுகத்தை ஒட்டி சரக்கைக் கன்டெய்னரில் அடைக்கும் கிடங்கு) கூலி, பி.எல். (கப்பல் சரக்குக்கான உரிமைப் பத்திரம்) கட்டணம் என்று இந்தப் பக்கத்துச் செலவைத் தாராளமாகவே போடுவார்கள். எஃப்.ஓ.பி. விலை சொல்வதற்கு முன்னாலேயே அந்த ஃபார்வர்டர் யார் என்று பையரிடம் கேட்டு, தூத்துக்குடி சார்ஜ் பட்டியலை மெயிலில் வாங்கி, அதை விலைக்குள் சேர்த்துவிடுங்கள். விலை பேசி முடித்த பிறகு வாங்கினால் அது உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

இரண்டாவது, அவர் தருகிற காகிதம். சில பையர்கள் பி.எல்.லுக்குப் பதிலாக 'எஃப்.சி.ஆர்.' என்ற ஃபார்வர்டர் ரசீதே போதும் என்பார்கள். அது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். சரக்கின் மேல் உங்களுக்கு எந்தப் பிடியும் தராது. பணம் வருவதற்கு முன்பே சரக்கு பையர் குடோனுக்குப் போய்விடலாம். பி.எல். கேளுங்கள். அதில் சரக்குப் பெறுபவர் இடத்தில் பையர் பெயர் வேண்டாம், எல்.சி. திறந்த வங்கியின் ஆர்டருக்கு என்று இருக்கட்டும். பி.எல். கொடுக்கிற ஃபார்வர்டர் 1993-ஆம் வருஷச் சட்டப்படி கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்த எம்.டி.ஓ.வா (பலவழிச் சரக்குப் போக்குவரத்து நடத்துபவரா) என்றும் பதிவு எண்ணைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. முறையாக நடத்துகிறவர்கள் உடனே அனுப்பிவிடுவார்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறும்வரை அது உங்கள் பொறுப்பு. வெங்கமேட்டில் லாரி ஏறியதிலிருந்து தூத்துக்குடி சி.எஃப்.எஸ். ஷெட்டில் நான்கைந்து நாள் கிடப்பதுவரை பையருடைய பாலிசி உங்களுக்கு உதவாது. வாங்குபவர், விற்பவர் பொறுப்பைப் பிரிக்கும் சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020 படி பார்த்தால், கன்டெய்னர் சரக்குக்குப் பொருத்தமானது எஃப்.சி.ஏ.தான். ஃபார்வர்டரிடம் ஒப்படைத்ததோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடும். ஆனால் ஜவுளித் தொழிலில் எஃப்.ஓ.பி. என்ற பேச்சு ஊறிப்போய்விட்டது, முதல் ஆர்டரிலேயே பையரோடு அதற்கு மல்லுக்கட்ட வேண்டாம். சி.எஃப்.எஸ்.ஸில் இருக்கும் நாட்களையும் சேர்த்து ஒரு டிரான்சிட் பாலிசி எடுத்துவிடுங்கள். பெரிய தொகை ஆகாது.

இனி எல்.சி.எல்.லா, தனிக் கன்டெய்னரா என்பது. உங்கள் பெட்டி ஒன்று 0.096 சிபிஎம், 150 பெட்டிக்கு 14.4 சிபிஎம். எடை 2,700 கிலோ. எல்.சி.எல்.லில் ஒரு சிபிஎம், ஒரு டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வாடகை, ஆகவே உங்களுக்கு 14.4-க்குக் கணக்கு. இருபதடிக் கன்டெய்னரின் உள்ளளவு 33 சிபிஎம், அட்டைப் பெட்டி அடுக்கினால் 26 முதல் 28 வரை பிடிக்கும். நீங்கள் சரியாகப் பாதியில் நிற்கிறீர்கள். எல்.சி.எல். விலை தனிக் கன்டெய்னர் விலையைத் தொடுவது பெரும்பாலும் பதின்மூன்று, பதினைந்து சிபிஎம்மில்தான். அதனால்தான் இரண்டு ஃபார்வர்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இரண்டு பேருமே சரி.

இந்த இடத்தில் காகிதக் கணக்கை நம்பாமல் அளக்கிற டேப்பைக் கையில் எடுங்கள். 60×40×40 என்பது அட்டைப்பெட்டிக்காரர் சொன்ன அளவு. டெர்ரி டவலையும் ஏப்ரனையும் அமுக்கிப் போட்டு டேப் ஒட்டினால் பெட்டி வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். சி.எஃப்.எஸ்.ஸில் அளக்கிறவர் அந்த வயிற்றைத்தான் அளப்பார். ஒவ்வொரு பக்கமும் இரண்டே சென்டிமீட்டர் கூடி 62×42×42 ஆனால், 150 பெட்டிக்கு 16.4 சிபிஎம். கூடுதலாக ஒரு துண்டுகூட வைக்காமலே இரண்டு சிபிஎம் அதிகம். இன்னொரு வம்பும் உண்டு. 60×40 என்ற அளவு சும்மா வந்ததல்ல. யூரோ பேலட் 120×80, அதில் ஒரு வரிசைக்கு நான்கு பெட்டி இழை பிசகாமல் உட்காரும். பெட்டி உப்பினால் பேலட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஹாம்பர்க் குடோனில் அதற்கும் தனியாகக் காசு பிடிப்பார்கள். முதல் லாட்டில் ஒரு பெட்டியை முழுசாகப் பேக் செய்து, ஒரு ராத்திரி அடுக்கின் அடியில் வைத்து, மறுநாள் நடுவயிற்றில் அளந்து பாருங்கள். அந்த அளவைத்தான் ஃபார்வர்டருக்குச் சொல்ல வேண்டும். உப்பினால் பெட்டிக்கு இரண்டு பீஸ் குறைத்துப் பெட்டி எண்ணிக்கையைக் கூட்டுவது மேல்.

செலவு ஏறக்குறைய ஒன்றாக வந்தால் என் கை தனிக் கன்டெய்னர் பக்கம்தான் போகும். எல்.சி.எல். சரக்கு தூத்துக்குடியில் ஒருமுறை, கொழும்பில் பிரித்துச் சேர்த்தால் மறுமுறை, ஹாம்பர்க்கில் இன்னொருமுறை என்று கைமாறும். கூட ஏறிய எவனோ ஒருவன் சரக்கில் கஸ்டம்ஸ் சந்தேகம் வந்தால் மொத்தக் கன்டெய்னரும் நிற்கும். பக்கத்தில் என்ன வைத்தார்கள், என்ன வாடை ஏறியது என்பதும் உங்கள் கையில் இல்லை. சமையலறைத் துணிக்கு மசாலா வாடை ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வது? எஃப்.ஓ.பி. என்பதால் முடிவு பையருடையது. இரண்டு கணக்கையும் அவருக்கு அனுப்பி, உங்கள் விருப்பத்தையும் சொல்லிவிடுங்கள்.

தனிக் கன்டெய்னர் என்றானால், அதை வெங்கமேட்டுச் சந்துக்குள் கொண்டுவர வேண்டாம். ஃபேக்டரியிலேயே அடைத்து இ-சீல் (எலக்ட்ரானிக் முத்திரை) போடுவதற்கு கஸ்டம்ஸ் அனுமதி வேண்டும். காலிக் கன்டெய்னரோடு ட்ரெய்லர் வந்து திரும்பும் இருவழி வாடகையும் உங்கள் மேல்தான். 150 பெட்டியை ஒரு மூடிய லாரியில் ராத்திரி ஏற்றினால் திண்டுக்கல், மதுரை வழியாக விடியலில் தூத்துக்குடி. அங்கேயே சி.எஃப்.எஸ்.ஸில் உங்கள் கன்டெய்னரில் அடைத்துக்கொள்ளலாம். அடைக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அடைப்பதற்கு முன் கதவைச் சாத்தச் சொல்லி உள்ளே நின்று பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்.

கொச்சி? கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு வல்லார்பாடம் (கொச்சியின் கன்டெய்னர் முனையம்) கூப்பிடு தூரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக லாரி இறங்கிவிடும். கரூருக்கு அந்த லாபம் இல்லை. தூத்துக்குடியை விட வேண்டாம்.

ஆனால் எல்.சி.யில் 'தூத்துக்குடி' என்று எழுத விடாதீர்கள். 'இந்தியாவின் எந்தத் துறைமுகமும்' என்று எழுதச் சொல்லுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு ஃபீடர் கப்பல் (கொழும்பு போன்ற பெரிய துறைமுகத்துக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கும் சிறு கப்பல்) தள்ளிப்போனால் கொச்சிக்கோ சென்னைக்கோ ஓட அந்த ஒரு வரி உதவும். கொழும்பில் வேறு கப்பலுக்கு மாற்றுவதற்காக டிரான்ஷிப்மென்ட்டுக்கு அனுமதி என்றும் வரட்டும். கப்பலேறிய தேதியிலிருந்து 21 நாளைக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுப்பது யு.சி.பி. 600 (எல்.சி.க்கான சர்வதேச விதிகள்) வழக்கம். எல்.சி.யில் அதைக் குறைத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தேதிக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். அக்டோபர் 31 என்பது பி.எல்.லில் 'கப்பலேற்றப்பட்டது' என்று விழ வேண்டிய கடைசித் தேதி, சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் தேதி அல்ல. மாசக் கடைசிக் கப்பலை மறந்துவிடுங்கள், இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளுவது மாசக் கடைசியில்தான் அதிகம். அதற்கு முந்தைய வாரக் கப்பலைப் பிடிப்பதாக வையுங்கள், சுமார் 22-ஆம் தேதி. எல்.சி.எல். என்றால் சி.எஃப்.எஸ்.ஸில் சரக்கு சேர வேண்டிய கட்-ஆஃப் அதற்கு நான்கைந்து நாள் முன்னால், 17 அல்லது 18. பையருடைய இன்ஸ்பெக்ஷன் இருந்தால், ஃபெயிலாகி மறுபடி பார்க்கவும் இடம் விட்டு 10-ஆம் தேதி. ஆகவே கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டுவது 8-ஆம் தேதிக்குள். தனிக் கன்டெய்னர் என்றால் இரண்டு நாள் கூடக் கிடைக்கலாம், ஆனால் அதை எண்ணி இருக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு ஃபேக்டரி சாத்துவதும், தீபாவளிக்கு வடமாநில ஆட்கள் பத்து நாள் முன்னாலேயே ரயிலேறுவதும் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்த வருஷத்து நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேதி ஒத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண்), எல்.யு.டி. (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதம்), ஏ.டி. கோடு (உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் குறியீடு) எல்லாம் உங்கள் கிளியரிங் ஏஜென்ட் கேட்டு வாங்கிவிடுவார். துறைமுகம் மாறினால் ஏ.டி. கோடு பதிவு அங்கேயும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவார். ஆனால் ஷிப்பிங் பில்லில் (கஸ்டம்ஸில் தரும் ஏற்றுமதிப் படிவத்தில்) இருக்கும் இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் (ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கில்) உங்கள் ஆடிட்டர் ஏற்றும் எண்ணும் ஒரு கோடு, ஒரு சுழியம் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபேக்டரியில் ஒரு எக்ஸ்போர்ட் இன்வாய்ஸ், கணக்குப்பிள்ளையிடம் ஒரு ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் என்று இரண்டு வரிசை வைத்திருந்தால் இப்போதே ஒன்றாக்குங்கள். வரி கட்டி ஏற்றுமதி செய்து ரீஃபண்ட் கேட்கிறவர்களுக்குப் பணம் மாசக்கணக்கில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். மேட்-அப்ஸ் (தைத்த வீட்டுத் துணிகள்) என்பதால் உங்களுக்கு டிராபேக்கோடு (சுங்க வரியைத் திருப்பித் தருவது), திட்டம் அமலில் இருக்கும்வரை ரோஸ்க்டெல் சலுகையும் (மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தருவது) வரும். அதை ஷிப்பிங் பில்லிலேயே கேட்டிருக்க வேண்டும். ஏஜென்ட் போடுகிற செக்லிஸ்டில் அந்த வரி இருக்கிறதா என்று ஓகே சொல்வதற்கு முன் உங்கள் கண்ணால் பாருங்கள்.

மழைக்காலச் சரக்கு என்பதால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பாலிதீன் உறை. கன்டெய்னர் சுவரில் ஈரம் உறிஞ்சும் பைகளையும் தொங்கவிடுங்கள். மரப் பேலட் போட்டால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி நீக்கியதற்கான சர்வதேச அடையாளம்) இல்லாத பலகை ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஜெர்மனியில் நிறுத்திவிடுவார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. எல்.சி. திறப்பதற்கு முன் அதன் டிராஃப்டை பையரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவிலும் கிளியரிங் ஏஜென்டிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, மேலே சொன்ன வரிகளை அடித்துத் திருத்தி அனுப்புங்கள். திருத்திய எல்.சி. கைக்கு வரும்வரை நூலுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.