கொட்டகையில் செருகிய டம்ளர்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு முடித்துவிட்டு, சமூக ஒதுக்கல் பற்றி ஆறு நிமிடப் பரிசோதனைப் படம் எடுக்கிறேன். வசனம் கிடையாது. கைகள், வாசல்படிகள், டம்ளர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. டம்ளருக்கு நான் அலையவில்லை, எங்கள் மாட்டுக்கொட்டகை இறவாணத்திலேயே ஒன்று செருகியிருந்தது. தக்காளி பறிக்க வரும் அக்கா அதில் டீ குடிப்பதை ஜன்னல் வழியாக எடுத்தேன். ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்ததால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. அப்பா, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகச் சொல்கிறார். வீட்டை விட்டுப் போய்விடலாமா?

பதில்: அப்பா விஷயம் அப்புறம், தம்பி. அடுக்களையில் அத்தனை டம்ளர் கவிழ்த்து வைத்திருக்க, அந்த ஒன்று மட்டும் ஏன் கொட்டகையில் இருக்கிறது? அதைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. இப்போது படத்துக்குத் தோதாகக் கிடைத்தது என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறாய். டீக்கடையில் தனி டம்ளர் வைத்தால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். உன் அம்மாவிடம் யார் கேட்பது? மகன்தான் கேட்க வேண்டும். அவர் போடும் சோற்றைத் தின்றுவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல், திரைப்பட விழா மேடையில் அவர் குற்றத்தைத் திரையிடுவது கோழைத்தனம்.

நாளைக் காலையில் அந்த டம்ளரை எடுத்து, மற்றவற்றோடு சேர்த்துத் தேய்த்து, அடுக்களையில் கவிழ்த்து வை. அந்த அக்காவைத் திண்ணையில் உட்காரவைத்து நீயே டீ கொடு, குடித்ததை நீயே கழுவு. அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். தாங்கிக்கொள். இதில் எதையும் படம் எடுக்காதே.

ஜன்னல் வழியாக எடுத்ததை அந்த அக்காவுக்குப் போட்டுக் காட்டு. அதைப் படத்தில் வைக்கலாமா என்று கேள். உன் பெற்றோர் இருக்கும்போது கேட்காதே. கூலி கொடுப்பவர் எதிரில் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் வீட்டுக்குப் போய்க் கேள், நாலு நாள் விட்டு மறுபடியும் கேள். முகத்தை மங்கலாக்கினால் போதாது. கையில் குத்திய பச்சை, வளையல், புடவைக் கரை ஒன்று போதும், ஊர் கண்டுபிடித்துவிடும். அப்புறம் பறிப்புக்குக் கூப்பிடாமல் விட்டால் அவர் அடுப்புதான் எரியாது. வேண்டாம் என்றால் மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், எடிட்டிங்கில் உருவான ப்ராக்ஸி ஃபைல் (சிறிய நகல்) எல்லாவற்றிலும் அழி. சரி என்றால், கேமரா முன் உட்காரும் நாளுக்கு முழுக் கூலி கொடு.

காட்சிகளை அடுக்கடுக்காகப் போட்டால் அழகுதான் தெரியும், அவமானம் மறைந்துபோகும். சொம்பு டம்ளரில் படாமல் ஒரு முழ உயரத்திலிருந்து டீ ஊற்றுவார்களே, அதை எடு. கேமராவை டம்ளர் விளிம்பு மட்டத்துக்கு இறக்கி, கடைசிச் சொட்டு வரை வெட்டாமல் ஓடவிடு. அம்மாவின் கை வேண்டுமென்றால் அவரிடமும் அனுமதி கேள். மறுத்தால் நீயே ஊற்று.

பட்டை விழக் காரணம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். ஆட்டோவில் விட்டால் ஷட்டர் அதோடு ஒத்துப்போகாது. மேனுவலில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று பூட்டு. யாரும் பேசாதபோது கொட்டகைச் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்துகொள்; வெட்டு விழும் இடங்களில் சத்தம் குதிக்காமல் அது காப்பாற்றும்.

வீட்டை விட்டுப் போகாதே. ஓசூர் வேலைக்குப் போ. தக்காளி விலை விழுந்து சாலையோரம் கொட்டுவதைப் பார்த்தவர் உன் அப்பா. அவர் பயம் நியாயமானது. ஹார்ட் டிஸ்க்கும் விழாக் கட்டணமும் உன் சம்பளத்தில் இருக்கட்டும், ஷூட்டிங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள். அந்த அக்காவும் உன் பெற்றோரும் முழுப் படத்தையும் பார்க்கும்வரை எந்த விழாவுக்கும் அனுப்பாதே.