குன்னூர் ஏற்றத்துக்குப் பழைய மடக்கு சைக்கிள் தாங்குமா?

கேள்வி: திருட்டுப்போன ராலே ட்வென்டி மடக்கு சைக்கிளுக்குப் பதிலாக இன்னொரு பழைய ட்வென்டியே வாங்கலாமா? அதில் மேட்டுப்பாளையம், குன்னூர் என்று நெடுந்தூரம் போக முடியுமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் முதலில் ஃபிரேம் மடங்கும் நடுக்கீலைப் பாருங்கள். பூட்டை இறுக்கிவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கீலில் 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். பெடல் கைகளைத் தாங்கும் நடு அச்சுக்கூட்டில் ராலேக்கே உரிய அங்குலத்துக்கு 26 மரை. சாதாரணக் கடைச் சாமான் பொருந்தாது. டயரையும் '20 இஞ்ச்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 406, 451 மில்லிமீட்டர் ரிம் அளவுகள் இரண்டுக்கும் அதே பெயர்தான், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இந்த வண்டியின் பின் சக்கர மையத்துக்குள் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பில் முதல் கியர், நடுக் கியரைவிட 25 சதவீதம்தான் இலகு. அது போதாது. பின்னால் 16 பல் சக்கரம் இருந்தால் 22 பல்லாக மாற்றுங்கள். மிதிக்கும் பாரம் கால்பங்குக்கு மேல் குறையும். ஒரு வளையக் கிளிப்பைக் கழற்றினால் அந்தப் பல் சக்கரம் கையோடு வந்துவிடும். சங்கிலியை மட்டும் கொஞ்சம் நீளமாக்க வேண்டியிருக்கும்.

எனக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கவலை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், நீலகிரி மழையில் அதை நம்பவே கூடாது. அலுமினிய ரிம் போடுங்கள். அப்புறம் கொண்டை ஊசி வளைவுகளில் இடையிடையே நின்று ரிம்மை ஆறவிடுங்கள்.

வாங்கும்போதே ஃபிரேம் எண்ணைப் படமெடுத்து, விற்பவரிடம் கையெழுத்தோடு ரசீதும் வாங்கிவிடுங்கள்.