முனையில் ஏறியவனின் அலை

அன்புள்ள ஐயா,

ஜூலையில் இலங்கையின் அறுகம்பை போயிருந்தேன். வயது 41, அலைச்சறுக்கு பழகி ஒரு வருடம்தான். மெயின் பாயிண்ட் என்கிற முனையில் ஒரு அலையில் எழுந்து நின்றதுமே பின்னாலிருந்து உள்ளூர்ப் பையன் ஒருவன் கத்தினான். கரைக்கு வந்தும் திட்டினான். கடல் எல்லோருக்கும் பொதுதானே? இந்த வயதில் இதைத் தொடரலாமா, என்ன பலகை வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கா.

அன்புள்ள கா.,

வயதை விடுங்கள். பலகையில் படுத்து, தோள் வலிக்காமல் கைகளால் துழாவ முடிகிறவரை இறங்கலாம். பலகையைப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். 'கடல் பொதுதானே' என்கிறீர்களே, கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

மணற்கரையில் அலை அங்கங்கே உடையும், ஆளுக்கொரு இடம் கிடைக்கும். அறுகம்பை முனையில் அப்படிக் கிடைக்காது. தெற்கே வெகுதூரத்தில் புயலில் பிறந்து வரும் அலை முனையைச் சுற்றி வளைகிறது. ஆழம் குறைந்த பாறைத்திட்டின் பக்கம் முதலில் உடைகிறது. பிறகு பாயைச் சுருட்டுவதுபோல் வலப்பக்கமாக உடைந்துகொண்டே குடாவுக்குள் போகிறது. (வலம் என்பது அலைமேல் நிற்பவருக்கு. கரையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் ஓடும்.) ஏறத் தோதான இடம் முனையோரம் ஒன்றுதான். அதனால்தான் அங்கே வரிசை. உடையும் இடத்துக்கு மிக அருகிலிருந்து ஏறியவனுக்கே அந்த அலை, கடைசிவரை.

அந்தப் பையன் அப்படி ஏறி ஓடிவரும் பாதையில் போய் எழுந்து நின்றிருக்கிறீர்கள். அவன் உங்கள்மேல் மோத வேண்டும், இல்லையென்றால் நுரைக்குள் விழ வேண்டும். அடியில் பாறை, பவளம், கடல் முள்ளெலி. பலகையின் அடித்துடுப்பு ஒருவரின் கன்னத்தைக் கிழித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீரில் ரத்தம் உடனே கரைந்துவிடுகிறது, காயம் எவ்வளவு ஆழம் என்றே தெரிவதில்லை. அவன் கத்தாமல் என்ன செய்வான்? நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அங்கே நல்ல அலை. வடகிழக்குப் பருவக்காற்று திரும்பினால் முனை குழம்பிப்போகும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கரையை அடித்துப் போட்டது. அதன் பிறகும் அதே தண்ணீரில் படகு இறக்கிய ஊர் அது. அங்கே வளர்ந்த பிள்ளை தன் முறைக்காகக் காத்திருக்கிறான். விருந்தாளி முந்தலாமா?

மறுபடியும் போங்கள், கண்டிப்பாகப் போக வேண்டும். முதல் நாள் காலையில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து, யார் எங்கே ஏறுகிறார்கள், எந்த வழியாகத் திரும்பி வருகிறார்கள் என்று பாருங்கள். துழாவிப் போகும்போது சறுக்கி வருபவர்களின் குறுக்கே போகாதீர்கள், உடையாத பக்கமாகச் சுற்றிப் போங்கள். முதலில், புதியவர்கள் பழகும் இடமான பேபி பாயிண்ட்டில் நன்றாகப் பழகுங்கள். அங்கும் இதே முறைதான்.