கண்ணாடி – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம். நாங்கள் விருதுநகர் பக்கம். போன ஆண்டு தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் கிளம்பினோம். விடிவதற்குள் அக்னி தீர்த்தத்தில் இருக்க வேண்டும் என்று இரவு முழுக்க என் கணவரே கார் ஓட்டினார். உச்சிப்புளி தாண்டி, வேதாளைக்குச் சற்று முன்னால், இருட்டில் ஒரு அம்மா குறுக்கே வந்துவிட்டார். உடனே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரத்துக்குத் திரும்பினோம். வழியிலேயே உயிர் போய்விட்டது. கடல்பாசி எடுக்கப் போகிறவராம். நிலையான வருமானம் கிடையாது, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், அதனால் நஷ்டஈடு பெரிதாக வராது என்கிறார் எங்கள் வக்கீல். அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து என் கணவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை, பிள்ளைகளோடு பேசுவதில்லை. தூக்கத்தில் "கண்ணாடி, கண்ணாடி" என்கிறார். அந்த அம்மா கடைசியாகச் சொன்னது அதுதானாம். எங்கள் காரின் முன்கண்ணாடி அன்று விரிசல் விட்டிருந்தது. இதெல்லாம் விதிதானா? தேவிபட்டினத்தில் பரிகாரம் செய்தால் சரியாகும் என்கிறார்கள், செய்யலாமா? காரை விற்றுவிடலாமா? சாலையை அகலப்படுத்தாத அரசுக்கு இதில் பங்கில்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கார் உங்களுடையது, விற்பதென்றால் விற்றுவிடுங்கள். சாலையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை நானும் பலமுறை சுற்றி வந்திருக்கிறேன், போய் வாருங்கள், மனசுக்கு நல்லது. ஆனால் இரவு முழுக்கக் கண் மூடாமல் கார் ஓட்டியதற்கு விதி என்று பெயர் வைக்காதீர்கள்.

"குறுக்கே வந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் இனி உங்கள் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது. அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். பாசிக்குப் போகும் பெண்கள் கருக்கலிலேயே எழுந்து, சோற்றுத் தூக்குவாளியும் பையுமாகக் கரைக்கு நடப்பார்கள். அதே அமாவாசைக்குத்தான் வெளியூர்க் கார்களும் இரவெல்லாம் ஓடி வருகின்றன. ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கும் நேரத்தில் எங்கள் ஊர்கள் வருகின்றன. இருட்டும் அன்றைக்குத்தான் அதிகம். அந்த அம்மா வருஷக்கணக்காக நடந்த சாலை அது. அதற்குக் குறுக்கே வந்தது நீங்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் இருக்கிறது.

என் சின்னம்மாவும் பாசி எடுத்தவர்தான். ஊர் தங்கச்சிமடம். பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்த பிறகுதான் வெளியூர்க் கார்கள் நேராகத் தீவுக்குள் ஓடி வந்தன. அதுவரை எங்கள் ஊர்த் தார்ச்சாலையின் ஓரம் கருவாடு காயப்போடும் இடமாகத்தான் இருந்தது. சின்னம்மாவுக்குச் சாலையைப் பார்த்துப் பயந்து பழக்கமே இல்லை. 2003-ல் ஓர் அமாவாசை விடியலில் கரைக்குப் போகும் வழியில் ஒரு கார் அடித்துவிட்டது. அவருக்கு 44 வயது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல்தான். காரில் வந்தவர் தனியாள், இளைஞர். ஓடவில்லை. சின்னம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். சனங்கள் போய்ச் சேர்வதற்குள் சின்னம்மா போய்விட்டார்.

ராமநாதபுரம் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கு. சித்தப்பாவுக்குத் துணையாக நான் போவேன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்டார்.

"உங்க சம்சாரம் என்ன வேலை?"

"பாசி எடுப்பா."

"சம்பளச் சீட்டு இருக்கா?"

பாசி வாங்கும் வியாபாரி எடை எழுதிக்கொடுத்த துண்டுக் காகிதங்களைச் சித்தப்பா மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பாதி எழுத்து உப்புத் தண்ணீரில் கரைந்திருந்தது.

"மாசம் பூராப் போவாங்களா?"

"கடல் விடுற நாளெல்லாம் போவா."

"அப்ப மத்த நாள் வீட்ல சும்மாதான்?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. மற்ற நாட்களில் சின்னம்மா குடிதண்ணீருக்கு அலைவார், உடைமரம் வெட்டி விறகு சேர்ப்பார், ஓலை முடைவார், மாமியாரைக் குளிப்பாட்டுவார். கோர்ட்டில் நின்று இதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவரும் அதை வேலை என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வருமானம் இல்லாதவர் என்றால் அன்றைய சட்டத்தின் அட்டவணைப்படி ஆண்டுக்கு 15,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு, உயிரோடிருந்தால் அவர் தனக்கே செலவழித்திருப்பார் என்று கழியும். மீதி 10,000. இறந்தவரின் வயது நாற்பதைத் தாண்டி நாற்பத்தைந்துக்குள் என்றால் அதைப் பதினைந்தால் பெருக்க வேண்டும். ஒன்றரை லட்சம். சின்னம்மாவுக்கும் இந்தக் கணக்குத்தான். கண்ணைச் சுற்றி ரப்பர் வைத்த கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, பாறை கிழிக்காமலிருக்கக் காலில் கட்டிய ரப்பர், இடுப்பில் வலைப்பை, மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும் கை. இதில் எதுவும் அந்தப் பெருக்கலில் இல்லை.

பின்னால் காலம் கொஞ்சம் மாறியது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி என்பவருக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது கிடைத்தது. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, கடலுக்கு ஓய்வு கொடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். வீட்டில் பெண் செய்யும் வேலைக்கும் மதிப்புப் போட்டுத்தான் நஷ்டஈடு கணக்கிட வேண்டும் என்று 2021-ல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் பிறகு உங்கள் வக்கீல் "நிலையான வருமானம் கிடையாது" என்கிறார், நீங்களும் அதை அப்படியே எனக்கு எழுதுகிறீர்கள். ஒரு மனுஷியின் விலையைக் குறைப்பதில் உங்களுக்கு என்ன லாபம்? வண்டிக்கு இன்ஷூரன்ஸ் ஒழுங்காக இருந்தால் தீர்ப்புப் பணத்தைக் கட்டப்போவது அந்தக் கம்பெனிதானே? உங்கள் பெயரில் யாரும் அப்படி வாதாட விடாதீர்கள்.

சரி, உங்கள் கடிதத்தைத் தூக்கிப் போட முடியாமல் வைத்திருந்ததற்குக் காரணம் வேறு.

கோர்ட் வராந்தாவில் அந்த இளைஞரும் நாங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் தலையே தூக்கவில்லை. சித்தப்பா என் காதருகே குனிந்து, "அவ ஏதாச்சும் சொன்னாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுடா" என்றார். காசைப் பற்றியோ தப்பு யார் மேல் என்றோ அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டார். சின்னம்மாவின் கடைசி நிமிஷம் முழுதாக அந்தப் பையனிடம்தான் இருந்தது. நான் எழுந்து அவர் அருகில் போனேன். வக்கீல் கையை நீட்டி, "பேச வேணாம் தம்பி" என்றார். எனக்கும் அந்த முகத்தைப் பார்த்துப் பேசப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து, "ஒண்ணும் சொல்லலியாம், சித்தப்பா" என்றேன்.

கேட்காமலே சொன்னேன். சித்தப்பா 2016-ல் இறந்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டு போனார்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் தூக்கத்தில் சொல்லும் கண்ணாடி உங்கள் காரின் கண்ணாடி இல்லை, சகோதரி. உயிர் போகிற நேரத்தில் உங்கள் கார் விரிசலைப் பற்றி அந்த அம்மா ஏன் பேச வேண்டும்? பாசிக்குப் போகும் பெண்கள் முங்கும்போது போடுவதற்குப் பெயர் கண்ணாடிதான். அது இல்லாமல் கடலடியில் எதுவும் தெரியாது. பை கைவிட்டுப் போனதும் அவர் அதைத்தான் தேடியிருக்கிறார். வள்ளம் கிளம்பிவிடுமே என்று பதறியிருக்கலாம். மகளுக்குக் கொடுக்கச் சொல்ல வந்திருக்கலாம். அதை அறியக்கூடியவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் கணவரோ அதைத் தன் மேல் விழுந்த சாபம்போலச் சுமந்துகொண்டிருக்கிறார். முதலில் அவரை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இதற்கு மருந்தும் உண்டு, பேசித் தேற்றும் வழியும் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் அந்த வீட்டுக்குப் போங்கள். நம் பக்கம் தலைமுறைப் பகை இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். நீங்கள் ஒரு வருஷம் தள்ளிப் போகிறீர்கள், பரவாயில்லை. ஜாமீன் நிபந்தனை எதுவும் தடுக்கிறதா என்று மட்டும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் அங்கே பேச வேண்டாம், எதிலும் கையெழுத்து வேண்டாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் முதலில் கேட்டனுப்புங்கள். வர வேண்டாம் என்றால் போகாதீர்கள், சில மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். போனால் திட்டுவார்கள். மகள் இருந்தால் இன்னும் அதிகமாகத் திட்டுவாள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமாவாசை, பௌர்ணமி பக்கம் போகாதீர்கள், வீட்டில் ஆள் இருக்காது. அட்டமியை ஒட்டி, சாயங்காலமாகப் போங்கள். கார் வேண்டாம், ராமநாதபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வேதாளையில் இறங்கலாம். கண்ணாடி என்று அந்த அம்மா சொன்னதை உங்கள் கணவரே அவர்களிடம் சொல்லட்டும். அவருக்கு வார்த்தை வர நேரமாகும். அதுவரை நீங்கள் முந்திக்கொண்டு பேசிவிடாதீர்கள்.